வல்லிபுரத்து மணலும் அது காக்கும் நன்னீரும்

இலங்கைத் திருநாட்டின் வடமுனையாக விளங்குவது பருத்தித்துறை. அங்கிருந்து தென்கிழக்குத் திசையாக நான்கு மைல் அளவிற் சென்றால் வல்லிபுரம் என்னும் திருத்தலத்தை அடையலாம். ஆண்டுதோறும் புரட்டாதிப் பூரணை நாளிலே வல்லிபுர ஆழ்வார் சமுத்திர தீர்த்தமாடக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். அன்றைய தினம் குடாநாட்டின் பல பாகங்களிலுமிருந்து திரண்டு வரும் அடியார்கள் ஆழ்வாரின் பின்னே கால் புதையப் புதைய மணலில் நடந்து கடலைச் சென்றடைவர்.

அவ்வாறு நடப்போரிற் பலருக்கு அந்த மணல் ஒரு தடையாகவே தோன்றும். வெயிலிலே அது சுடும். முதியோரின் நடையைத் தளர்த்தும். குழந்தைகளைத் தோளிலே சுமக்க வைக்கும். ஆயினும் அந்த மணல் இல்லையேல் வல்லிபுரத்திலே குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையேல் ஊரும் இல்லை, கோயிலும் இல்லை. இந்த உண்மையை முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இன்றைய தலைமுறை அதனைப் பாடமாகவேனும் அறிந்துகொள்ளல் அவசியமாகும்.

அமைவிடம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் அமைந்த தாழ்ந்த சமநிலமாகும். இங்கே மலையுமில்லை, வற்றாத ஆறுமில்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர், அதாவது ஐம்பது அங்குலம் அளவில் மழை பெய்கின்றது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு வேண்டிய நீரை நிலத்தின் கீழிருந்தே பெறவேண்டும்.

குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியே வடமராட்சி. இதன் வடகரையும் கிழக்குக்கரையும் ஒரே தன்மையன அல்ல. வல்வெட்டித்துறை தொடக்கம் பருத்தித்துறை வரையிலான வடகரை பெரும்பாலும் கல்லும் முருகைக்கற் பாறையும் கொண்டது. பருத்தித்துறையைக் கடந்து கரை தெற்கு நோக்கித் திரும்பியதும் கல் மறைந்து மணல் தொடங்குகின்றது. அங்கிருந்து சுண்டிக்குளம் வரை நீளும் கிழக்குக்கரை முழுவதும் மணலே. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் வடமராட்சிக் கடனீரேரி. இவ்விரு உவர் நீருக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டிலேதான் இக்கிராமங்கள் பலவும் அமைந்துள்ளன. இருபுறமும் உப்பு நீர் இருக்க நடுவிலே நன்னீர்க் கிணறுகள் இருப்பது எவ்வாறு என்பதே இங்கு சிந்திக்கத்தக்கது.

ஊர்ப்பெயர்கள் கூறும் பாடம்

ஓர் இடத்தின் இயல்பை அறிய அதன் பெயரே முதற் சான்றாகும். கோவளம் என்பது கடலுக்குள் நீண்டிருக்கும் தரைமுனையைக் குறிக்கும் சொல். கற்கோவளம் என்னும் பெயரிலே கல்லும் உண்டு, முனையும் உண்டு. அதனை அடுத்துத் தெற்கே வல்லிபுரம், அதன்பின் மணற்காடு. கல் முடிந்து மணல் தொடங்குவதை ஊர்ப்பெயர்களே வரிசையாகக் கூறிவிடுகின்றன.

மேலும் தெற்கே செல்லக் குடத்தனை, அம்பன், நாகர்கோயில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, ஆழியவளை, உடுத்துறை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு, சுண்டிக்குளம் என ஊர்கள் தொடர்கின்றன. செம்பியன் என்பது சோழரைக் குறிக்கும் பெயர். நாகர்கோயில் என்பது நாக வழிபாட்டின் பழமையை நினைவூட்டுவது. தாளையடி என்பதிலே கரையோரத் தாழையின் மணம் கமழ்கின்றது. மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, சுண்டிக்குளம் ஆகிய மூன்று பெயர்களும் கேணியையும் குளத்தையும் தாங்கி நிற்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கடலோரத்திலே வாழ்ந்த மக்கள் தம் ஊருக்குக் கடலின் பெயரை வையாது தண்ணீரின் பெயரை வைத்தனர். கடல் எங்கும் உண்டு. நன்னீர் உள்ள இடமே ஊர் என்பது அவர்கள் கண்ட முடிவு.

மணற்குன்றுகள் உருவான விதம்

அலைகள் கொண்டுவந்து கரையிலே கொட்டும் மணல் வெயிலிற் காய்கின்றது. வாடைக்காற்றும் கொண்டற்காற்றும் அதனை வாரி உள்நாடு நோக்கித் தள்ளுகின்றன. வழியிலே ஒரு செடியோ கொடியோ தடுத்தால் மணல் அவ்விடத்திலே தங்குகின்றது. தங்கிய மணலின்மேல் மேலும் மணல் சேர்கின்றது. இவ்வாறு நூற்றாண்டுகள் பலவாகக் காற்றும் கடலும் செடியும் சேர்ந்து கட்டிய மதில்களே இம்மணற்குன்றுகள்.

இம்மதிலுக்குச் சாந்தாக அமைந்தவை இரண்டு தாவரங்கள். ஒன்று அடம்பன் கொடி. ஊதாநிறப் பூக்களுடன் மணலிற் படரும் இக்கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பற்றிக்கொள்ளும். மற்றையது இராவணன் மீசை. முள்முள்ளான இதன் உருண்டைகள் காற்றிலே உருண்டோடி விதைகளைப் பரப்புவன. கடற்கரைச் சிறுவர்கள் இவற்றைத் துரத்தி விளையாடுவது வழக்கம். இவற்றிற்குப் பின்னே தாழையும், அதற்கும் அப்பால் பனையும் நிற்கும். மணற்காட்டுப் பகுதியிலே மணல் நகர்வதைத் தடுக்க நாட்டப்பட்ட சவுக்கு மரங்கள் இன்று சோலையாக வளர்ந்துள்ளன.

பிடிப்பற்ற மணல் நகரும் என்பதற்கு மணற்காட்டிலே கண்கூடான சான்று உண்டு. அங்குள்ள பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் மணலிலே புதையுண்டு நிற்பதை இன்றும் காணலாம். மணலைக் கட்டி வைத்திருப்பது கொடியும் செடியுமே. அவற்றை அழித்தால் மணல் மனிதரின் கட்டளைக்கு அடங்காது.

மணலுக்கடியில் நன்னீர்

பெய்யும் மழை களிமண்ணிலே வழிந்தோடிக் கடலைச் சேரும். மணலிலே விழும் மழைநீரோ உடனே உள்ளிறங்கிவிடும். வெயில் அதனை எளிதில் உறிஞ்ச முடியாது. கீழிறங்கிய மழைநீர் அங்குள்ள உவர் நீருடன் முற்றாகக் கலந்துவிடுவதில்லை. நன்னீர் எடை குறைந்தது. கடல்நீர் எடை கூடியது. ஆகவே நன்னீர் மேலேயும் உவர் நீர் கீழேயுமாகத் தங்குகின்றன.

இதனை விளங்கிக்கொள்ளக் கோயிலிலே ஏற்றும் கண்ணாடிக் குவளை விளக்கை நினைத்தாற் போதும். குவளையின் அடியிலே தண்ணீர் விட்டு மேலே எண்ணெய் ஊற்றுவர். எண்ணெய் தண்ணீரின்மேல் மிதந்து நிற்கத் திரி எரியும். எண்ணெய் தீரத் தீரத் திரி தண்ணீரைத் தொடும். விளக்கு படபடத்து அணைந்துவிடும். மணலுக்கடியிலுள்ள நன்னீர் அந்த எண்ணெய் போன்றது. அடியிலே எப்பொழுதும் உவர் நீர் காத்திருக்கின்றது.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஒல்லாந்தரான கைபன் 1888 ஆம் ஆண்டளவிலும், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901 ஆம் ஆண்டிலும் தனித்தனியே இதனைக் கண்டு வெளியிட்டனர். கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி உயரத்திற்கு நன்னீர் நிற்குமாயின் கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்திற்கு நன்னீர் நிற்கும் என்பதே அக்கணக்கு. நடுவிலே தடித்தும் ஓரங்களிலே மெலிந்தும் இருப்பதால் இதனை நன்னீர் வில்லை எனப் புவியியலாளர் அழைப்பர்.

இக்கணக்கின் மறுபக்கமே அச்சந் தருவது. மேலேயுள்ள நன்னீர்மட்டம் ஓரடி குறைந்தால், காலப்போக்கிலே கீழேயுள்ள உவர் நீர் நாற்பதடி மேலெழ இடமுண்டு. மணற்குன்றை வெட்டி அகற்றும்போது மழைநீரைத் தாங்கி உயர்த்தி வைத்திருக்கும் களஞ்சியம் குறைகின்றது. குழி நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால் திறந்து கிடக்கும் நீரை வெயிலும் காற்றும் குடித்துவிடுகின்றன. ஒரு லோட் மணலோடு போவது மணல் மட்டுமன்று. அந்த மணல் வருடந்தோறும் பிடித்து வைத்திருக்கக்கூடிய தண்ணீரும் போகின்றது.

முன்னோர் இக்கணக்கைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் செயல் இதற்கு அமைவாகவே இருந்தது. மணற்பாங்கான இடங்களிலே ஆழக் கிணறு வெட்டாது பூவல் தோண்டினர். கைக்கெட்டும் ஆழத்திலே ஊறும் நீரை மெதுவாக அள்ளிக் குடத்தை நிரப்பினர். தோட்டத்திற்குத் துலாவும் பனையோலைப் பட்டையும் பயன்பட்டன. துலா மிதிப்பவன் களைத்ததும் கிணறும் இளைப்பாறியது. இன்றைய மின்மோட்டருக்குக் களைப்பில்லை. ஆகவே கிணற்றுக்கும் ஓய்வில்லை.

பழமைச் சிறப்பு

நன்னீரும் துறையும் ஒருங்கே வாய்த்த இடமாதலால் வல்லிபுரம் மிகப் பழங்காலந்தொட்டே மக்கள் வாழ்ந்த இடமாயிற்று. யாழ்ப்பாணத்தின் ஆதிக் குடியிருப்புகளை ஆராய்ந்து 1987 ஆம் ஆண்டிலே நூல் வெளியிட்ட கலாநிதி பொ. இரகுபதி அவர்கள் வல்லிபுரத்தையும் அத்தகைய இடங்களுள் ஒன்றாக எடுத்துக்காட்டியுள்ளார். பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடுகள் இம்மணற்பரப்பிலே கிடைத்துள்ளன.

1936 ஆம் ஆண்டிலே கோயிலுக்கு அண்மையிலே பழைய கட்டட அத்திவாரமொன்றின் கீழிருந்து பிராமி எழுத்துப் பொறித்த சிறிய பொன்னேடு ஒன்று கிடைத்தது. கி.பி. 67 முதல் 111 வரை அநுராதபுரத்திலிருந்து ஆட்சி செய்த வசப மன்னன் காலத்தது இது. அவனது அமைச்சன் ஒருவன் நாகதீவை நிர்வகித்த காலத்திலே இங்கு ஒரு விகாரை அமைக்கப்பட்டது என்னும் செய்தி அதிலே உள்ளது. குடாநாடு அந்நாளிலே நாகதீவு என வழங்கியமைக்கு இது சிறந்த சான்றாகும். சாசனத்தை வாசித்து வெளியிட்டவர்களுள் பேராசிரியர் பரணவிதான குறிப்பிடத்தக்கவர். அதன் மொழியைப் பற்றியும் சொற்களின் பொருளைப் பற்றியும் அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. வல்லிபுரத்திலே கண்டெடுக்கப்பட்ட புத்தர் சிலையொன்று 1906 ஆம் ஆண்டில் ஆளுநர் சேர் ஹென்றி பிளேக் அவர்களால் சீயம் நாட்டு மன்னருக்கு வழங்கப்பட்டது. ஒரே மணலிலே பல காலத்து மக்களின் வழிபாடுகளும் தடம் பதித்துள்ளன என்பதை இவை காட்டுகின்றன.

யாழ்ப்பாண மன்னரின் தலைநகராகிய சிங்கைநகர் இவ்விடத்திலேயே இருந்தது என்பது 1926 ஆம் ஆண்டிலே பண்டைய யாழ்ப்பாணம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய முதலியார் செ. இராசநாயகம் அவர்களின் கருத்தாகும். நல்லூரே சிங்கைநகர் என்போரும் உளர்.

கோயிலைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதையும் கடலோடு இணைந்ததே. கடற்றொழில் செய்யும் குடியிலே பிறந்த வல்லி நாச்சி என்பாள் மகப்பேறு வேண்டித் தவங்கிடந்தாள் என்றும், கடலிலிருந்து மச்சமாக வந்த திருமால் அவளுக்கு அருள்புரிந்து சக்கரமாக வெளிப்பட்டார் என்றும் கூறுவர். மூலஸ்தானத்திலே சக்கரமே வழிபடப்பெறுவது இத்தலத்தின் சிறப்பு. அரசரும் முனிவரும் அன்றி, ஒரு மீனவப் பெண்ணின் பக்தியே கதையின் மூலமாக அமைந்தமை இக்கரையோர மக்களின் பெருமையாகும்.

தொழிலும் வாழ்வும்

இம்மக்களின் ஆண்டு இரு காற்றுக்களால் வகுக்கப்பட்டது. வாடைக் காலத்திலே கிழக்குக் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும், மழையும் அக்காலத்திலேயே பெய்யும். வாடை தணிந்து கடல் அடங்கியதும் கரைவலைத் தொழில் தொடங்கும். கரையிலே வாடிகள் எழும். வலையை வளைத்துக் கடலிலே இட்டு, இரு தலைப்பையும் கரையிலிருந்து பலர் கூடி அம்பாப் பாடி இழுப்பர். மடி கரையேறும்போது ஊரே அங்கு நிற்கும். தனியொருவனால் இழுக்க முடியாதது கரைவலை. கூட்டுறவு என்பதை இவர்கள் கடற்கரையிலேயே கற்றுக்கொண்டனர்.

உள்ளே தள்ளிய நிலத்திலே பனை நின்று உதவியது. பதநீர், பனங்கட்டி, பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல் என உணவும், ஓலை, மட்டை, மரம் எனப் பொருளும் தந்தது. கடலிலே மீனும் கரையிலே ஒடியலும் இருந்தால் கூழுக்குக் குறைவில்லை.

போர்க்காலத்திலே இக்கரை பட்ட துன்பம் பெரிது. 1987 ஆம் ஆண்டின் வடமராட்சி இராணுவ நடவடிக்கை தொடக்கம் 2009 வரை இடப்பெயர்வுகள் பல. திரும்பி வந்தவர்கள் முதலிலே தேடியது வீட்டையல்ல, கிணற்றை. கூரை போன வீட்டிலே இருக்கலாம். தண்ணீர் போன வளவிலே இருக்க முடியாது.

ஆழிப்பேரலை தந்த பாடம்

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினத்தன்று காலையிலே ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. மணற்காடு முதல் உடுத்துறை, வெற்றிலைக்கேணி வரை கரையோரக் குடியிருப்புகள் பேரழிவைக் கண்டன. உயிரிழந்தோரை நினைந்து ஆண்டுதோறும் அந்நாளிலே இக்கரையில் விளக்கேற்றப்படுகின்றது. கிணறுகளுட் கடல்நீர் புகுந்தது. இறைக்க இறைக்க உவர் நீரே வந்தது. மீண்டும் மழை பெய்து, மணல் வடித்து, வில்லை சீராகும்வரை மக்கள் தாங்கி நீருக்காகக் காத்திருந்தனர்.

மணற்குன்று அலைக்கும் அரண் என்பதை அவ்வனர்த்தத்தின்பின் இலங்கையின் கரையோரத்தை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டினர். தென்கிழக்கே யால கடற்கரையிலே, கடற்காட்சி தெரியவேண்டும் என்பதற்காக மணற்குன்று அகற்றப்பட்டிருந்த இடத்திலிருந்த விடுதி முற்றாக அழிந்தது. அதன் அருகே குன்று குறையாதிருந்த இடங்களிலே அலை உட்புக முடியாது தடைப்பட்டது. ஆகவே மணல் இரு தொழில் செய்கின்றது. மேலே நின்று கடலைத் தடுக்கின்றது. கீழே நன்னீரைத் தாங்கி உவரைத் தடுக்கின்றது.

இன்றைய நிலை

போர் ஓய்ந்தபின் வீடுகள், வீதிகள், பாடசாலைகள், ஆலயங்கள் யாவும் ஒரே காலத்திலே கட்டப்படலாயின. கட்டடத்திற்கு மணல் வேண்டும். குடாநாட்டிலே ஆறில்லை, ஆற்று மணலுமில்லை. ஆகவே எல்லோரது பார்வையும் இக்குன்றுகளின் பக்கம் திரும்பியது. அனுமதியுடன் சிலவும் அனுமதியின்றிப் பலவுமாக உழவு இயந்திரங்களும் டிப்பர்களும் மணலை ஏற்றிச் சென்றன. குன்றுகள் இருந்த இடங்கள் சில குழிகளாயின.

சட்டம் இல்லாமல் இல்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அங்கே உரிய அனுமதியின்றி மணல் அகழ்தல் குற்றம். அதற்கு அப்பாலும் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டப்படி அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. சட்டம் ஏட்டிலே இருப்பது போதாது. அதனைக் கேட்டறியும் மக்களும் ஊரிலே இருத்தல் வேண்டும்.

குடாநாட்டின் பிற பகுதிகளின் நிலையும் கவலைக்குரியது. வலிகாமத்திலே உரமும் மலக்குழியும் காரணமாகக் கிணற்று நீரிலே நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளால் உறுதியாகியுள்ளது. நீர்ப்பற்றாக்குறையை ஈடுசெய்யத் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்ட் மாதத்திலே திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது அது. அது வேண்டிய முயற்சியே. ஆயினும் பெருஞ் செலவிலே, மின்சாரத்தின் வலுவாலே இயந்திரம் செய்யும் வேலையை, அதே கரையிலே மணல் எவ்விதக் கட்டணமுமின்றி இத்தனை நூற்றாண்டுகளாகச் செய்து வந்துள்ளது என்பதை மறத்தல் ஆகாது.

அடியார்கள் செய்யத்தக்கவை

முதலாவது, மணல் வாங்குவோர் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பார்த்து வாங்குதல் வேண்டும். வாங்குபவர் இல்லையேல் களவாய் அகழ்பவரும் இல்லை.

இரண்டாவது, ஆலயங்களே இதற்கு முன்மாதிரியாக விளங்குதல் வேண்டும். திருப்பணிக்கும், திருவிழாக் காலத்திலே வீதிக்குப் பரப்புவதற்கும் லோட் கணக்கிலே மணல் வருகின்றது. அது எங்கிருந்து வந்தது என்று பரிபாலன சபையார் கேட்பது அரிது. பக்தியினால் ஒருவர் உபயமாகக் கொடுத்த மணலாயினும், அது ஒரு கிராமத்தின் கிணற்றை உவராக்கி வந்ததாயின் அதிலே புண்ணியம் உண்டோ என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பரப்பிய மணலை அடுத்த ஆண்டும் அரித்துப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் களையென்று பிடுங்காதிருத்தல் வேண்டும். தீர்த்தத் திருவிழாவிற்குச் செல்வோர் பொலித்தீன் பைகளையும் பிளாஸ்ரிக் போத்தல்களையும் கரையிலே விட்டுவரலாகாது.

நான்காவது, கிணறு உள்ளோர் ஒவ்வொருவரும் மாரி முடிவிலும் கோடை முடிவிலும் தம் கிணற்றின் நீர்மட்டத்தை ஒரு கயிற்றினால் அளந்து கொப்பியிலே குறித்து வைத்தல் நன்று. பாடசாலைப் பிள்ளைகளிடம் இப்பணியை ஒப்படைக்கலாம். பத்து வருடக் குறிப்பு ஊரிடம் இருக்குமாயின், எவரிடமும் முறையிடும்போது அதுவே ஊரின் சாட்சியாகும்.

மேற்கூறியவற்றுள் எதுவும் தனியொருவரால் நிறைவேறத்தக்கதன்று. கரைவலையைப் போல ஊர் கூடி இழுக்க வேண்டிய காரியம் இது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது யாழ்ப்பாணத்து முதுமொழி. அம்முதுமொழி பிறந்த இடம் இத்தகைய மணலே. ஒற்றைக் கொடியைக் காற்று பிடுங்கிச் செல்லும். திரண்ட கொடியோ குன்றையே கட்டி வைத்திருக்கும்.

அடுத்த புரட்டாதியிலும் ஆழ்வார் கடலாட எழுந்தருளுவார். அடியார்கள் பின்னே நடப்பர். அப்பொழுது மணல் காலைச் சுடுமாயின், அடியிலே குளிர்ந்த நீர் இருப்பதை நினைந்து நடப்பார்களாக. வருங்காலச் சந்ததியும் அதே மணலிலே நடந்து, அதே கிணற்று நீரைப் பருகி வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.